கருப்புத் திரைக்கு உள்ளே யார்?

“கையைக் கட்டிப்போட்டு வேலை செய்யச் சொல்றீங்க மேடம்,” என்றார் ரஃபீக்.

“கையை எங்கண்ணே கட்டுனேன்? ஒரு பட்டனைத்தான எடுத்தேன்,” என்றாள் கயல்.

அந்த ஒரு பட்டன்தான் ரஃபீக்குக்கு உயிர்.

மதுரையில் ஒரு மாடிக் கட்டடம். அங்கே உட்கார்ந்துகொண்டு பல ஊர்களில் இருப்பவர்களின் கணினிக் கோளாறைத் தீர்ப்பது இவர்கள் வேலை. அந்த ஊர்க்காரர்களின் மேசையில் இருப்பது வெறும் கண்ணாடி மாதிரிதான். நிஜக் கணினிகள் வேறெங்கோ வரிசையாக ஓடுகின்றன. பெயரும் கடவுச்சொல்லும் தட்டி அவற்றில் ஏதோ ஒன்றுக்குள் நுழைவார்கள். சில நாள் நுழைந்ததும் திரை கருப்பாகிவிடும். பிறகு ஒன்றும் நடக்காது.

ரஃபீக் நடக்க வைப்பார். ரீஸ்டார்ட். எது நின்றாலும் அவருக்கு அதுதான் வைத்தியம். செல்போன் கடை நடத்திய காலத்திலிருந்தே அப்படித்தான். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே ‘ரீஸ்டார்ட் பாய்’ என்பது. நாற்பத்தைந்து வயசுப் பாய்.

கயலுக்கு முப்பது. அவள்தான் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பவள். இன்று காலை அவருடைய கணக்கிலிருந்து ரீஸ்டார்ட் உரிமையை எடுத்துவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

“திண்டுக்கல்ல ஒரு பொண்ணு மேடம். பிலோமினா. கருப்புத் திரை. பட்டன் இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பேன்.”

“கருப்புல என்ன தெரியுது?”

“கருப்புதான் தெரியுது.”

“திரும்பப் பாத்துட்டு வாங்க.”

ரஃபீக் முணுமுணுத்துக்கொண்டே போய் போனை எடுத்தார்.

“ஏம்மா, மவுஸை அசைச்சுப் பாரு. ஏதாச்சும் தெரியுதா?”

“சின்னதா ஒரு அம்பு அசையுது சார்.” அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. “சார், நேத்து அடிச்ச அறிக்கை உள்ள இருக்கு. சேமிக்கல. மூணு மணிக்கு விசாரணை. அது போய்ச் சேரலைன்னா பாப்பாவை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிருவாங்க.”

“எந்தப் பாப்பா?”

பிலோமினா குழந்தைகளுக்கான ஓர் அமைப்பில் வேலை பார்க்கிறாள். உறவுக்காரர் வீட்டிலிருந்து மீட்கப்பட்ட ஏழு வயசுப் பெண். வாயே திறக்காமல் இருந்த பிள்ளை நேற்றுத்தான் பேசியது. அது பேசப் பேச இவள் தட்டிக்கொண்டே போனாள்.

“சேமிச்சிருக்கலாமேம்மா.”

“பாப்பா என் கையைப் பிடிச்சுக்கிச்சு சார். ‘போதும், மூடுங்கக்கா’ன்னு சொல்லுச்சு. அப்படியே மூடிட்டேன்.”

“லைன்லயே இரும்மா,” என்றார் ரஃபீக்.

கயலிடம் வந்தார். “அம்பு இருக்கு மேடம். அசையுது.”

கயல் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “உக்காந்து பேசுவோம். அந்த மீட்டிங் ரூம்ல இருந்து ஒரு சேரை எடுத்துட்டு வாங்க.”

பற்றிக்கொண்டு வந்தது ரஃபீக்குக்கு. அங்கே ஒரு பிள்ளையின் தலையெழுத்து தொங்குகிறது, இங்கே நாற்காலியாம். விறுவிறுவென்று போனார். அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. கதவைத் தட்டினார்.

“இருட்டா கிடக்கு, எதுக்குண்ணே தட்டுறீங்க?” பின்னாலிருந்து கயலின் குரல்.

“உள்ள யாராச்சும் இருந்தா?”

சொன்னவர் அப்படியே நின்றார்.

“தலைவலிண்ணே, ரெண்டு நிமிசம் படுத்துக்கிறேன்,” என்றது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்.

ரஃபீக் நாற்காலி எடுக்கவில்லை. தன் இடத்துக்கு ஓடினார்.

இதுவரை அவர் கோளாறைத்தான் தேடியிருந்தார். இப்போது ஆளைத் தேடினார். எந்தெந்தக் கணினிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்தார். ஏழாம் கணினியில் பிலோமினா இருந்தாள். இன்று காலை நுழைந்து கருப்பில் நிற்பவள். நான்காம் கணினியிலும் பிலோமினா இருந்தாள். நேற்று மூடியவள். மூடினாளே தவிர வெளியேறவில்லை.

அவளுடைய கோப்புகள் எல்லாம் இன்னும் நான்காம் கணினியின் பிடியில் இருந்தது. ஏழாம் கணினி அவளை உள்ளே விட்டது, ஆனால் காட்ட ஒன்றுமில்லாமல் நின்றது. கருப்புக்கு அதுதான் காரணம்.

பழைய பிலோமினாவை வெளியேற்ற அங்கேயே ஒரு பட்டன் இருந்தது. இதைக் கயல் எடுக்கவில்லை. அழுத்தினால் உடனே திரை வந்துவிடும். பாப்பா சொன்னது போய்விடும்.

ரஃபீக்கின் விரல் அதுவாகவே அந்தப் பக்கம் போனது. பழக்கம். இழுத்துக்கொண்டார்.

போனில் பிலோமினா அழுதுகொண்டிருந்தாள். “சார், பரவால்ல. அணைச்சுப் போட்ருங்க. நான் பாப்பாகிட்ட மறுபடி கேட்டுக்கறேன்.”

“வேணாம்.”

“நேரமாச்சு சார்.”

“ஆகட்டும். அந்தப் புள்ளைகிட்ட மறுபடி கேக்க வேணாம். நான் இருக்கேன், நீ போனை வைக்காத.”

ஏழாம் கணினியில் கருப்பில் நின்றவளை மட்டும் வெளியே அனுப்பினார். நான்கைத் தவிர மற்ற எல்லாக் கணினிகளிலும் புதிதாக யாரும் நுழையாதபடி வாசலை அடைத்தார். இனி அவள் போகக்கூடிய இடம் ஒன்றுதான், நேற்று விட்ட இடம்.

“இப்ப உள்ள வாம்மா.”

தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமில்லை.

“சார், மறுபடி கருப்பு.”

ரஃபீக் நான்காம் கணினியைப் பார்த்தார். அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘இணைகிறது’ என்று இருந்தது. அதிலேயே நின்றது.

“மூடிட்டு மறுபடி வரவா சார்?”

“எதையும் தொடாத.” என்ன பேசி அவளை நிறுத்துவது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டார். “அந்தப் பாப்பா எப்படிம்மா பேசுச்சு?”

“முதல்ல பேசவே இல்ல சார்.”

“நீ என்ன பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணல. எந்திரிச்சுப் போகாம உக்காந்திருந்தேன்.”

“இப்பவும் எந்திரிச்சுப் போகாத.”

ரஃபீக் ‘இணைகிறது’ என்பதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கயல் எழுந்து வந்து அவர் பின்னால் நின்றாள்.

“சார்...”

“சொல்லும்மா.”

“வந்திருச்சு சார். பாதி வரியில நிக்குது. ‘மூடுங்கக்கா’ன்னு அது சொன்ன இடத்துலயே நிக்குது.”

“முதல்ல சேமி.”

“சேமிச்சிட்டேன்.”

ரஃபீக் அடைத்த வாசல்களைத் திறந்துவிட்டுப் போனை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை மாதமாக அணைத்துப் போட்ட திரைகள் எல்லாம் மனசில் வந்து நின்றன.

“பட்டனைத் திருப்பிக் குடுத்துட்டேண்ணே,” என்றாள் கயல். அவர் திரையில் அது மறுபடியும் பச்சையாக எரிந்தது.

போன் அடித்தது. திருமங்கலத்திலிருந்து யாரோ.

“சார், ஸ்கிரீன் கருப்பா நிக்குது. ரீஸ்டார்ட் போட்டு விடுறீங்களா?”

ரஃபீக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நேத்து எதைப் பாதியில விட்டுட்டுப் போனீங்க, சொல்லுங்க.”