மரங்கொத்தி புகுந்த தலை

அந்தக் காலத்தில், மரங்கொத்தியும் மனுசியும் பேசிக்கொண்ட நாளில், யாருக்கும் தலை வலித்ததில்லை. வயிறு வலிக்கும், முட்டி வலிக்கும். தலை மட்டும் தானுண்டு தன் வேலையுண்டு என்று கழுத்தின்மேல் உட்கார்ந்திருக்கும்.

மலைமேல் பூவாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருசன் சடையன் உப்பு வாங்கக் கீழ்நாட்டுக்குக் கிளம்பினான். திரும்பும் பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். காலையெல்லாம் அங்கே மூடுபனி. அந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு பாறை. ஒரு வழி வீட்டுக்கு. மற்ற வழியில் போனவர் யாரும் திரும்பியதில்லை.

"அந்தப் பாறையில நின்னு கூப்பிடு புள்ள. உன் குரலைப் பிடிச்சுக்கிட்டே வந்துடுவேன்" என்று அவள் நெற்றியில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனான்.

நாட்கள் போயின. பூவாயி பாறையை விட்டு நகரவில்லை. வலது காதைப் பாதைப் பக்கம் திருப்பியபடியே கிடந்தாள். கண்ணசந்துவிடுவோமோ என்று பயந்து, மரங்கொத்தியிடம், "நான் அசந்தா தலையில ஒரு கொத்து கொத்து" என்றாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள், பாவம்.

அவள் அசந்தால் மட்டுமா மரங்கொத்தி கொத்தியது? பட்டினி கிடந்தால் கொத்தி, "சாப்பிடு தாயி, கூப்பிடக் குரல் வேணுமில்ல" என்றது. வெயிலில் காய்ந்தாலும் கொத்தியது. அழுதால், தொண்டை கட்டிக்கொள்ளும் என்று இன்னும் பலமாகக் கொத்தியது.

ஒரு விடியலில் தாங்க முடியாமல், சடையனின் பழைய துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினாள். அதில் அவன் வியர்வை மணந்தது. அந்த மணத்துக்குத்தான் எத்தனை நாள் ஏங்கியிருந்தாள்! அப்படியே தூங்கிப்போனாள். மரங்கொத்தி துண்டின்மேல் கொத்திக்கொண்டே இருந்தது. அவளுக்கு உறைக்கவில்லை.

விழித்தபோது வெயில் ஏறி, பனி விலகியிருந்தது. மற்ற வழி நெடுக உப்பு சிந்திக் கிடந்தது.

தொண்டை கிழியக் கூப்பிட்டாள். மலைதான் திருப்பிக் கூப்பிட்டது.

"கொத்திக் கொத்தி என் அலகே மழுங்கிப்போச்சு தாயி" என்று மரங்கொத்தி அழுதது.

பூவாயி துண்டை அவிழ்த்தாள். "இனி வெளிய இருந்து கொத்தாத. உள்ள வந்துடு. எந்தத் துணிக்கும் அடங்காத. மச்சான் வந்தாலும் வரும்."

அது அவளுடைய வலது நெற்றிப்பொட்டுக்குள் புகுந்துகொண்டது.

அன்று முதல்தான், பட்டினி கிடந்தாலும், வெயிலில் அலைந்தாலும், தூக்கம் கெட்டாலும், அழுது தீர்த்தாலும் நம் தலைக்குள் அது கொத்துகிறது. சிலருக்கு ஒரு பக்கம் மட்டும். நாமும் துணியை இறுக்கிக் கட்டிப் பார்க்கிறோம். பிரியமான ஒரு கை நெற்றியில் வந்து படும்போதுதான், சடையன் வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, அது கொஞ்சம் நிறுத்துகிறது.