அவரோடு போன சொல்

ஆசிரியைக்கு மாணவியின் வயதில் பாதிகூட இல்லை. மாணவியான மூத்த நர்ஸ் தவமணிக்கு முதல் எரிச்சல் அதுதான்.

மருத்துவமனையில் நர்சுகளுக்கு ஆளுக்கொரு தொடுதிரை டேப் கொடுத்திருந்தார்கள். நோயாளிக்கு ஏதாவது உபாதை வந்தாலும், டாக்டர் மருந்தை மாற்றினாலும் அதில் பதிய வேண்டும். பதிந்தால் வார்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதைப் பழக்கும் வேலை இளம் நர்ஸ் ஜெர்லினுக்கு வந்தது.

தவமணியை அந்த டேப் படாத பாடு படுத்தியது. எப்போது தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்டது. கையுறையோடு தொட்டால் அசையவே இல்லை. ஜெர்லின் தினமும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். தவமணி தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"வாயால சொன்னா போதாதா டீச்சரம்மா? எதுக்கு இது?"

ஜெர்லின் எப்படியெல்லாமோ விளக்கிப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் விளக்குவதையே விட்டுவிட்டாள்.

ஒரு மதியம், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த லாரி ஓட்டுநர் பரமகுருவுக்கு ஊசி மருந்து ஏற்றியதும் உடம்பெல்லாம் தடித்தது. தவமணி ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். அந்த மருந்து இனி வேண்டாம், டேப்பில் பதிந்துவிடுங்கள் என்றார் அவர். தவமணி டேப்பைத் திறந்தாள். பாஸ்வேர்டு கேட்டது. சலிப்போடு மூடி வைத்துவிட்டாள்.

மாலையில் அவள் சாப்பிடப் போன நேரம், அவளுக்குப் பதிலாக நின்ற நர்ஸ் பெர்சி டேப்பில் இருந்தபடி அதே மருந்தை ஏற்றினாள்.

தவமணி திரும்பி வந்தபோது பரமகுரு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மருந்தை நிறுத்தினாள். சத்தம் கேட்டு வேறொரு டாக்டர் வந்தார். ஜெர்லின் மாற்று மருந்தோடு ஓடிவந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் பரமகுருவின் மூச்சு சீரானது.

பெர்சி சுவரோரம் நின்று அழுதாள். தவமணியின் பயம் கோபமாக மாறி ஜெர்லின் மேல் பாய்ந்தது.

"அப்பவே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இன்னும் எத்தனை தடவை சொல்றது?"

"எந்த டாக்டர்கிட்ட?"

"மதியம் இருந்தாரே, அவர்கிட்டதான்."

"அவர் இப்ப எங்க?"

"டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டார்."

ஜெர்லின் கையுறையைக் கழற்றினாள்.

"நீங்க சொன்ன சொல்லும் அவரோடயே போயிடுச்சுக்கா."