ஆளில்லாத கட்டிடத்தின் பதில்

மலை மேலிருந்த சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் சுகந்தி காலை முழுக்க போன் செய்துகொண்டே இருந்தாள். மூச்சுத் திணறும் ஒரு பெண் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டர் வழியாக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தாள். 'கிடைத்தது' என்று பதிலும் வந்துவிட்டது. ஆனால் நகரத்து டாக்டரின் திரையில் படம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் அறையில் நாச்சிமுத்து வேலை கற்றுக்கொண்டிருந்தார். டெலிபோன் கேபிள் வேலையை விட்டு நடுவயதில் வந்தவர். கற்றுக்கொடுத்த ஜெசிந்தா அவரைவிட வெகு இளையவள்.

நாச்சிமுத்து உட்கார்ந்த இடத்திலிருந்தே மலைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தார்.

"லைன் நல்லாத்தான் இருக்குங்க மேடம். படம் வந்து சேர்ற நம்ம சர்வர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா உடனே பதில் வருது. இதுல என்னத்தைத் தேடறது?"

"பதில் சொல்றது யாருங்கண்ணா?"

"நம்ம சர்வர்தானுங்களே."

ஜெசிந்தா வேறு யாரும் அப்போது படம் அனுப்பவில்லை என்று பார்த்துக்கொண்டாள். எழுந்து போய் அந்த சர்வரின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்பக் கூப்பிடுங்க."

நாச்சிமுத்து மலைக் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டார்.

பதில் வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். வயர் அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் வந்தது, முன்னைப்போலவே சட்டென்று.

அவள் வயரைத் திரும்பச் செருகினாள். "அந்தப் பேருக்கு எந்த முகவரி சொல்லுதுன்னு கேளுங்க."

கேட்டார். வந்தது பழைய கட்டிடத்து முகவரி. ஆஸ்பத்திரி இடம் மாறியபோது பூட்டிவிட்டு வந்த கட்டிடம்.

சுகந்தியிடம் விசாரித்தார்கள். முந்தின நாள் இடியில் மலையில் ரூட்டர் போய்விட்டதாம். அலமாரியில் கிடந்த பழையதை எடுத்து மாட்டியிருந்தார்கள். ஒரு பெயருக்கு எந்த முகவரி என்று கேட்க அதற்குத் தெரிந்தது, முகவரி சொல்லும் பழைய டி.என்.எஸ். சர்வர் ஒன்றுதான். அதுவும் தனக்குத் தெரிந்த பழைய முகவரியைச் சொல்லியிருந்தது.

நாச்சிமுத்து ரூட்டரில் புது டி.என்.எஸ். முகவரியைப் போட்டார். மலைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்த பழைய பதிலை அழித்தார். சுகந்தியிடம் படத்தைத் திரும்ப அனுப்பச் சொன்னார்.

படத்தைப் பார்த்த டாக்டர் அடுத்த நிமிஷமே ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். மாலைக்குள் குழந்தை கீழே வந்துவிட்டது. மூச்சு சீராகிவிட்டது என்று வார்டிலிருந்து சொன்ன பிறகுதான் இருவரும் பழைய கட்டிடத்துக்குப் போனார்கள்.

காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். வராந்தாவில் சுவரெல்லாம் ஊறிப் போயிருந்தது. கரண்ட்டையும் லைனையும் துண்டிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை போல. கடைசி அறையில் பழைய சர்வரின் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. தூசிக்குள் ஒரு பச்சை விளக்கு மினுக்கியது.

ஜெசிந்தா திரையைப் போட்டாள். இருட்டில் குழந்தையின் நெஞ்செலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. அதற்குக் கீழே இன்னொரு நெஞ்சு. ஒரு இடுப்பு. ஒரு மண்டையோடு. எல்லாவற்றுக்கும் 'கிடைத்தது' என்று பதில் போயிருந்தது.

"இதெல்லாம் எந்த ஊர் ஆஸ்பத்திரிங்க மேடம்?"

"தெரியலைங்கண்ணா. இன்னும் பழைய முகவரிக்கே அனுப்பறவங்க."

ஒவ்வொரு படத்தையும் அவள் டாக்டருக்கு அனுப்பிவைத்தாள். பிறகு சுவரிலிருந்த சர்வர் சுவிட்சைக் காட்டினாள்.

நாச்சிமுத்து அதில் கை வைத்தார். அந்நேரம் பச்சை விளக்கு வேகமாகத் துடித்தது. எங்கிருந்தோ யாரோ சர்வரின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். திரையில் ஒரு புதுக் கை எலும்பு மேலிருந்து கீழாக வரத் தொடங்கியது.

அது முழுதாக வந்து சேரும்வரை இருவரும் நின்றார்கள். அதையும் ஜெசிந்தா டாக்டருக்கு அனுப்பினாள்.

நாச்சிமுத்து சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

"அணைச்சுட்டா, அவங்க அடுத்த தடவை கூப்பிடறப்போ பதிலே வராதுங்களே மேடம்."

"வராதுங்கண்ணா," என்றாள் ஜெசிந்தா. "அப்பத்தான் நமக்குப் போன் பண்ணுவாங்க."