வைரக்கண்ணு போடாத பந்தி

துறவு பூணுவதற்கு நூல்கள் எத்தனையோ காரணங்கள் சொல்கின்றன. அடமானம் வைத்த தென்னந்தோப்பு ஆடி கழிந்தால் வட்டிக்காரர் கைக்குப் போய்விடும் என்பது அவற்றில் இல்லை. வைரக்கண்ணு அதற்காகத்தான் மடத்துக்கு வந்தார்.

சீடருக்கு அறுபது வயது, குருவுக்கு நாற்பது. இருந்தாலும் சாமி சாமிதான்.

"காவி குடுங்க சாமி. தோப்பு போனாப் போகட்டும்."

"தரலாம். துறவிக்கு யாரும் பாக்கி வைக்கக் கூடாது. உங்களுக்கு யாராவது தரணுமா?"

"எனக்கு யாரு தரணும்? ஊருக்குச் செஞ்ச மொய்தான் கெடக்கு."

அந்தச் சீமையில் ஆடி மாதம் மொய்விருந்துக் காலம். பணமுடை உள்ளவர் கறிச்சோறு போடுவார். உண்டவர்கள் மொய் எழுதுவார்கள். அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் திருப்பிச் செய்வார். வட்டி கிடையாது. வைரக்கண்ணு எல்லார் வீட்டிலும் உண்டு மொய் எழுதியிருந்தார்; தான் மட்டும் ஒரு பந்தியும் போட்டதில்லை.

"நீங்க ஏன் வைக்கலை?"

"எலையைப் போட்டு ஊருகிட்ட கை நீட்டுறதா? எங்க வீட்ல பழக்கமில்லை சாமி."

"வட்டிக்காரர்கிட்ட நீட்டினீங்களே?"

"அது இருட்டினப்புறம்."

சாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது வைரக்கண்ணுவுக்கு.

"சரி. வீடு வீடாப் போய், மொய்யைத் திருப்பித் தர வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. வந்ததும் காவி."

முதல் வீடு பம்புசெட் மெக்கானிக் அடைக்கலத்தினுடையது.

"வாங்க மாமா. விருந்துக்குச் சொல்ல வந்தியளா?"

"இல்லப்பா. நீ எனக்கு ஒண்ணும் திருப்பிச் செய்ய வேணாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அடைக்கலம் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? எங்க கொல்லையில போர்க்கெணறு போட்டது அந்த மொய்யில. வருசா வருசம் ஒங்க பத்திரிகை வரும் வரும்னு காத்துக் கெடக்கேன். இதுக்குன்னே தனியாச் சீட்டுக் கட்டி வச்சிருக்கேன். இப்ப வந்து வேணாம்னா? தருமக் காசுல தண்ணி குடிச்ச பயன்னு ஊரு பேசணுமோ? எந்திரிங்க மாமா, எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

அடுத்த வீட்டு அஞ்சம்மாள் ஏசவில்லை. சொன்னதைக் கேட்டுவிட்டு, வாங்க என்றவள் போங்க என்றுகூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினாள். மூன்றாவது வீட்டுக்கு வைரக்கண்ணு போகவில்லை; மடத்துக்குத் திரும்பினார்.

"ஒருத்தரும் ஒத்துக்கலை சாமி. ஏதோ நான் அவங்களைக் கட்டிப் போட்டு வச்சிருக்கிற மாதிரி பேசுறாங்க."

எடுத்து வைத்திருந்த காவியைச் சாமி மறுபடி பெட்டிக்குள் வைத்தார்.

வைரக்கண்ணு தலையைச் சொறிந்தார். "ஆடியில இன்னும் நாள் இருக்கா சாமி?"

"இருக்கு. ஆட்டுக்குச் சொல்லிடுங்க. எனக்கு மட்டும் ஓரமா ஒரு சைவ எலை. நானும் மொய் எழுதுவேன்."

"ஐயையோ! மடத்துக்கு நான் எப்படித் திருப்பிச் செய்யிறது?"

"அடுத்த ஆடி என் விருந்து. மடத்துக் கூரை ஒழுகுது."