ஒன்பதாம் எண்ணில் ஆடியவள்

முதலில், பெண்கள் கால் பட்டால் புல் கெட்டுவிடும் என்று மைதானத்தின் கதவைப் பூட்டினார்கள். இரண்டாவது, கதவைத் திறந்துவிட்டுப் பந்தைப் பூட்டினார்கள்; பெண்கள் பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிறு கட்டி உதைத்தார்கள். மூன்றாவது, ஆண்கள் கழித்துப்போட்ட சட்டைகளைக் கொடுத்து, அதற்கு நன்றிக் கடிதமும் எழுதி வாங்கினார்கள். நான்காவது, பெண்கள் ஆடி வென்ற முதல் ஆட்டத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். ஐந்தாவது, அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் அணியே இல்லாமல் வைத்திருந்தார்கள். ஆறாவது, புதிதாக ஓர் அணியைச் சேர்த்து, இதுதான் நாட்டின் முதல் பெண்கள் அணி என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்.

பெரிய ஏரியின் கரையில் இருக்கும் அந்த ஆப்பிரிக்க நாட்டில், தேசிய அணிக்கு வருகிற பெண் இந்த ஆறையும் ஒப்பித்த பிறகுதான் பந்தைத் தொடலாம். பயிற்சியாளர் எலூபே வைத்த சட்டம் அது. வரிசை மாறக் கூடாது. மூன்றையும் நான்கையும் மாற்றிச் சொன்ன ஒரு கோல்கீப்பர் மூன்று நாள் வெறுங்கையோடு மைதானத்தைச் சுற்றி ஓடினாள்.

நீக்கப்பட்ட அந்த முதல் ஆட்டத்தில் தலைவியாக ஆடியவர் எலூபே. இப்போதைய தலைவி தவோங்கா. முப்பத்து மூன்று வயது. பதினான்கு ஆண்டுகளாக எலூபேயிடம் கற்கிறாள்.

ஒரு சனிக்கிழமை காலை, பயிற்சியின் நடுவே, கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பக்கத்து நாட்டுக்காரர்கள் தங்கள் பெண்கள் அணிதான் மூத்தது என்று பீற்றிக்கொள்கிறார்கள். உங்கள் ஆட்டத்தைத் திரும்பச் சேர்த்தால் நாம்தான் மூத்தவர்கள்."

"இருபத்தாறு வருஷம் கழித்தாவது ஞாபகம் வந்ததா, ஐயா?" என்றார் எலூபே.

"வந்ததே, அதைப் பாருங்கள். ஒரே ஒரு சிக்கல். கோல் அடித்த அந்த ஃபாலேசி காமங்கா."

அந்தச் சிக்கல் தவோங்காவுக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முன் நடுவர் இரண்டு அணிகளையும் நிறுத்திப் பெயர் வாசிப்பது அங்கே வழக்கம். குடும்பப் பெயரை அவர் வாசிப்பார். ஆடுகிறவள் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, திரும்பி, முதுகிலுள்ள எண்ணைக் காட்ட வேண்டும். அன்று நடுவர் 'காமங்கா' என்று வாசித்தபோது 'ஃபாலேசி' என்று சொல்லி முதுகைக் காட்டியவள் ஃபாலேசி அல்ல. அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். பந்தாடப் போகிறவளுக்கு வேலை கிடையாது என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் சந்தையில் கருவாடு விற்ற தோழியின் பெயரை இரவல் வாங்கி ஆடினாள்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அன்றைக்கு மட்டும் கடை திறக்காதே என்று ஃபாலேசியிடம் சொல்லத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஃபாலேசி காமங்கா கோல் அடித்தாள் என்று வானொலி முழங்கிய நேரத்தில், அதே ஃபாலேசி நடுச் சந்தையில் கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நூறு பேர் பார்த்தார்கள். ஆள்மாறாட்டம் என்று ஆட்டத்தை நீக்கிவிட்டார்கள்.

"சந்தையில் இருந்தது ஃபாலேசியின் தங்கை என்று நீங்களும் அவளும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் போதும்," என்றார் செயலாளர். "அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் இங்கேயே வைத்துக்கொள்வோம். இரண்டு அணிகளும் சாட்சி."

"போடாவிட்டால்?"

"அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. இனி இந்தப் பக்கத்தை யாரும் திறக்க மாட்டார்கள்."

தவோங்கா அன்றே சந்தைக்குப் போனாள். அவள் சொன்னதை ஃபாலேசி கருவாட்டை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நான் பந்தை உதைத்ததே இல்லை, மகளே. ஆனால் தேவாலயத்தில் இன்னும் என்னை ஒன்பதாம் எண் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கருவாடு வாங்க வருகிறவன்கூட முதலில் என் காலைத்தான் பார்க்கிறான்."

"தங்கை இருக்கிறாளா?"

"எனக்கு நாலு அண்ணன். தங்கைதான் வேண்டுமென்றால் செயலாளரையே ஒருத்தியைப் பெற்றுத் தரச் சொல்." சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டாள். "எலூபே அக்கா சொன்னால் சத்தியம் பண்ணுகிறேன். என் தோழி இருந்தபோது அவள் வயிற்றுக்காகப் பொய் சொன்னோம். இப்போது யாருக்காக என்று மட்டும் கேட்டுச் சொல்."

கொழுந்து பறித்தவள் இரண்டு மழைக்காலத்துக்கு முன் இறந்துவிட்டாள். நான் இருக்கும்வரை என் பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றப் பத்துப் பேரும் அந்த வாக்கைக் காத்தார்கள். தவோங்காவுக்குக்கூட அவள் பெயர் தெரியாது.

தவோங்கா திரும்பி வந்தபோது எலூபே மைதானத்தின் ஓரக் கோட்டைச் சாம்பலால் போட்டுக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடுவீர்களா, அம்மா?"

"உனக்கு என்ன தோன்றுகிறது?"

"போடுங்கள். பத்துப் பேருக்கும் வயதாகிறது. கண்ணை மூடுவதற்குள் தங்கள் பெயரைப் பதிவேட்டில் பார்க்கட்டும்."

"ஆடியது எத்தனை பேர்?"

"அவர்கள் நமக்குச் செய்தது ஆறு அநீதி. நாம் சொல்லப்போவது ஒரு பொய்."

"ஆறையும் வரிசை தப்பாமல் சொல்கிறாய். ஏழாவதை என் கையால் எழுதச் சொல்கிறாயா?"

"பெருமைதான் உங்களைத் தின்கிறது, அம்மா."

"தின்னட்டும். அவர்கள் விட்டுவைத்தது அது ஒன்றைத்தான்."

"செத்துப்போன ஒருத்திக்காக உயிரோடு இருக்கிற பத்துப் பேர் இல்லாமல் போக வேண்டுமா?"

எலூபே சாம்பல் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போனார்.

சனிக்கிழமை வந்தது. இரண்டு அணிகளும் மைதானத்தில் எதிரெதிரே நின்றன. நடுவில் எலூபேயோடு சேர்த்துப் பழைய அணியின் பத்துப் பெண்கள், இடுப்பில் பூத்துணி சுற்றி வரிசையாக நின்றார்கள். ஃபாலேசி சற்றுத் தள்ளி நின்றாள். செயலாளர் மேசை மேல் பதிவேட்டை விரித்துப் பேனாவை நீட்டினார்.

எலூபே வாங்கவில்லை.

"முதலில் பெயர் வாசிக்க வேண்டும், ஐயா. அதுதானே வழக்கம்."

"வாசியுங்கள்."

எலூபே தன் தோழிகளைப் பார்த்தார். "அன்று உண்மையில் ஆடியவர்களைத்தான் வாசிப்பேன். வாசித்து முடித்தால் இந்தப் பக்கத்தை ஐயா மூடிவிடுவார். வேண்டாதவர்கள் பதில் சொல்ல வேண்டாம்."

யாரும் வரிசையை விட்டு விலகவில்லை.

எலூபே தன் குடும்பப் பெயரை வாசித்தார். தானே பதில் சொல்லித் திரும்பிக் காட்டினார். அடுத்தவள் சொன்னாள். அதற்கடுத்தவள் சொன்னாள். அவர்கள் காட்டிய முதுகில் எண் எதுவும் இல்லை. முழங்கால் வலிக்காரி ஒருத்தி மெதுவாகத் திரும்பினாள். பத்தாவதாக நின்றவள் வாயைத் திறக்கவில்லை. எலூபே காத்திருந்தார்.

"நீ உருப்படவே மாட்டாய், எலூபே," என்று அவள் முணுமுணுத்தாள். பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகத் தன் பெயரைச் சொல்லித் திரும்பினாள்.

"முன்தாலி," என்று வாசித்தார் எலூபே.

பதில் வரவில்லை. செயலாளர் பழைய பட்டியலில் விரலை ஓட்டினார்.

"அப்படிப் பெயரே இதில் இல்லை. காமங்கா என்றுதான் இருக்கிறது."

"காமங்கா அன்றைக்குக் கருவாடு விற்றாள், ஐயா," என்றாள் ஃபாலேசி. "நூறு பேர் பார்த்தார்கள்."

இரண்டு பெண்கள் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். செயலாளர் பேனாவை மூடினார். பதிவேட்டையும் மூடினார்.

தவோங்கா எலூபேயின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவர் மூடிவிட்டார், அம்மா. இனி யார் எழுதுவார்கள்?"

"நேராக நில்," என்றார் எலூபே.

இரண்டு அணிகளையும் பார்த்துத் திரும்பினார். பதில் சொல்ல ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

"முன்தாலி. எஸ்நாத். எண் ஒன்பது."