ஏரியைத் தூக்கிக்கிட்டுப் போன காட்டுமாடு

குதிரைப்பாறை ஏரிக்குப் போகிற வழியில், மேட்டு வளைவில் இருக்கிறது பூரணத்தக்கா டீக்கடை. மலையில் உறைபனி விழுந்து ஓய்ந்த தை மாசம். நான் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிர் பெஞ்சில் ஒச்சப்பன். ஏரியில் படகு ஓட்டுகிறவர். படகுகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் காசிமாயன் அப்போதுதான் கீழிருந்து ஏறி வந்து அவர் முன்னால் நின்றார்.

"ஒச்சப்பா, வாத்துப் படகு எங்க?"

வாத்து மாதிரி செஞ்ச, காலால் மிதித்து ஓட்டுகிற படகு அது. குளிர்காலத்தில் கரையேற்றி வைக்கச் சொல்லி ஒச்சப்பனிடம்தான் விட்டுப் போயிருந்தார். போன வருசமே ஒரு படகு வீணாப்போய், இன்னொண்ணு போனா வேற ஆள் பாத்துக்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஒச்சப்பனுக்குப் படகு ஓட்டுவதை விட்டால் தெரிந்த வேலை பேசுவது ஒன்றுதான்.

"இந்த வருசத்துப் பனிய நீங்க பாக்கல மொதலாளி," என்று ஆரம்பித்தார். "மிளா மான் ஒண்ணு காலையில மேய வந்துச்சு. புல்லைக் கடிக்கக் கடிக்க அப்பளம் நொறுங்குற சத்தம். அந்தச் சத்தத்துல கரட்டுல தூங்குன புலி முழிச்சிருச்சு."

"அடிச்சிருக்குமே," என்றேன்.

"எங்கிட்டு அடிக்க? பாய்ஞ்சுச்சு. ஆனா மீசை குளிர்ல வெறைச்சு ஈக்குமாறு கணக்கா முன்னால நீட்டிக்கிச்சு. மிளாவை மீசை குத்துது, வாய் எட்டமாட்டேங்குது. குத்திக் குத்திப் பாத்து ரெண்டும் களைச்சுப் போயி, என் அடுப்புக்கிட்ட வந்து குளிர் காய உக்காந்திருச்சுக."

"புலி பக்கத்துல நீ உக்காந்திருந்தியாக்கும்," என்றாள் பூரணத்தக்கா.

"நான் எங்க உக்காந்தேன். அதுதான் என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு."

காசிமாயன், "படகு," என்றார்.

"அதுக்குத்தான் வர்றேன். மறுநாள் ஏரியே கெட்டியாயிருச்சு. நீர்நாய்க உள்ள முங்கின நேரம் பாத்து மேல மூடி போட்ட மாதிரி உறைஞ்சுபோச்சு. அடியிலேர்ந்து டொக்கு டொக்குன்னு கதவைத் தட்டுதுக. பாவமா இருக்காதா? கடப்பாரையால ஓட்டை போட்டு ஒண்ணொண்ணா வெளிய எடுத்து, என் துண்டாலேயே துவட்டி விட்டேன்."

"படகு, ஒச்சப்பா."

"அன்னைக்குத்தான் காட்டுமாட்டுக் கூட்டம் வந்துச்சு. பெரிய காளை தண்ணி குடிக்க நாக்கை நீட்டுச்சு. காயாத கல்லுல தோசை ஒட்டுற மாதிரி ஐஸ்ல நாக்கு ஒட்டிக்கிச்சு. பின்னால இழுக்குது, வரல. கூட்டமே சேந்து அது வாலைப் புடிச்சு இழுத்துச்சு."

"வாலை எதால புடிக்கும்?" அக்காதான் கேட்டாள்.

"வாயாலதான். மாட்டுக்குக் கையா இருக்கு? இழுத்த இழுப்புல ஏரி மொத்தமும் தாம்பாளம் கணக்காக் கழண்டு வந்திருச்சு. அடியில வெறும் சேறு. காளை ஏரியை அப்படியே கொம்புல சாச்சுக்கிட்டு மலையேறிருச்சு. ஏரிக்குள்ள மீனு, ஏரிக்கு மேல நம்ம வாத்துப் படகு."

எனக்குப் புரையேறிவிட்டது. ஒச்சப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏரியே போனபெறகு படகுக்காரனுக்கு இங்க என்ன சோலி? பின்னாலயே ஓடினேன். கேரளத்து வட்டவடை எல்லையில வரையாடுக நின்னுச்சுக. ஏரியக் கண்டதும் மேல ஏறிச் சறுக்கு விளையாட ஆரம்பிச்சிருச்சுக, குட்டி குருமானோட. பாரம் தாங்காம காளை முட்டி போட்டுருச்சு. அந்த நேரம் பாத்து வெயில் வந்துச்சு. ஐஸ் உருகி, தண்ணி மளமளன்னு நம்ம பக்கமா எறங்கி, பழைய பள்ளத்துலயே வந்து நெறைஞ்சிருச்சு. மீன் ஒண்ணு கொறையல. படகு மட்டும் மலையாளத்துப் பக்கம் சறுக்கிருச்சு. இந்நேரம் கடலுக்குப் போயிருக்கும்."

காசிமாயன் டீயை வாங்கி, ஊதி, நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"நான் ஏரிக்குப் போயிட்டுத்தான் வர்றேன், ஒச்சப்பா. கோரைப் புல்லுக்குப் பக்கத்துல வாத்துத் தலை மட்டும் தண்ணிக்கு மேல நிக்குது. மிச்சமெல்லாம் முங்கிக் கெடக்கு."

பூரணத்தக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. ஒச்சப்பன் கிளாஸின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தபடி இருந்தார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

"அது நம்ம வாத்து இல்ல மொதலாளி," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "அதோட அம்மா. பிள்ளையக் காணோம்னு தேடி வந்து, அங்கனயே கழுத்தை நீட்டிப் பாத்துக்கிட்டு நிக்குது."

காசிமாயனின் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார்.

"வடம் என் வண்டியில இருக்கு. போயி அந்த அம்மாவக் கரைக்கு இழுத்துட்டு வா. ஓட்டைய அடைச்சிட்டு, நீயே ஓட்டு."

ஒச்சப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். வாசல் வரைக்கும் போனவர் அங்கேயே நின்று, கீழே ஏரியைப் பார்த்தார்.

"தண்ணி சில்லுன்னு இருக்குமே, மொதலாளி."