தாழம்பூ மணத்த வளை

அந்தக் காட்டை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது, குழந்தைகளே. இக்கரையில் வேலாயி என்ற வயதான முள்ளம்பன்றி இருந்தாள். அக்கரையில் அவள் மகள் பூவாயி இருந்தாள். பூவாயிக்கு அது தலைச்சன் பிரசவம். நிறைமாதம்.

பொழுது சாய்ந்ததும் மகள் அக்கரையில் நின்று வால் முட்களைக் குலுக்குவாள். கலகலவென்று சத்தம் வரும். "நல்லா இருக்கேம்மா" என்று அதற்குப் பொருள். தாயும் பதிலுக்குக் குலுக்குவாள். அதைக் கேட்காவிட்டால் அவளுக்குக் கிழங்கு தொண்டையில் இறங்காது.

பிரசவ நேரத்தில் மகளின் பக்கத்தில் தான் இருக்க வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் அக்கரையில் புது வளை தோண்ட அவள் நகங்களில் வலு இல்லை.

பூவாயியின் பக்கத்து வளையில் ஓர் எறும்புத்தின்னித் தம்பதி இருந்தார்கள். அவர்களுக்கோ இக்கரைப் புற்றுகள் மேல் ஆசை. "உங்க வளையைப் பார்க்க வர்றோம். பிடிச்சிருந்தா மாத்திக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். மழைக்காலம் நெருங்கிவிட்டது. வெள்ளம் வந்துவிட்டால் ஆற்றைக் கடக்க முடியாது.

வருகிறவர்களுக்கு வளை பிடிக்க வேண்டுமே என்று, அதை அழகுபடுத்தித் தரச் சொல்லி வேலாயி மயிலிடம் ஓடினாள். காட்டிலேயே அழகு தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று மயிலுக்கு எண்ணம்.

வளைக்குள் தலையை நீட்டிய மயில் முகம் சுளித்தது.

"என்ன ஆத்தா இது? வீடா, குப்பைமேடா?"

"நான் கடிச்சுப் பல் தேய்க்கிற எலும்பு, தம்பி. அது உதிர்ந்த முள்ளு. இது என் சருகுப் படுக்கை."

"எல்லாத்தையும் தூக்கிப் போடு. நீ இருந்த தடமே தெரியக் கூடாது. வர்றவங்களுக்கு, இந்த வீடு நமக்காகவே காத்திருக்குன்னு தோணணும்."

"என் வாசனை இருக்குமே?"

"அதைத்தான் முதல்ல ஒழிக்கணும்!"

அவ்வளவும் தூரத்துப் புதருக்குப் போயின. மயில் வெள்ளை மணலைப் பரப்பியது. சுவரில் தன் தோகை இறகுகளைச் செருகியது. கடைசியில் வாசலில் தாழம்பூவைக் கொண்டுவந்து தொங்கவிட்டது.

"ஐயோ, தாழம்பூவுக்குப் பாம்பு வருமே தம்பி!"

"வரட்டுமே! அதைவிட விருந்து உண்டா?" என்று மயில் நாக்கைச் சப்புக்கொட்டியது.

வேண்டாம், வேண்டாம் என்றது வேலாயியின் மூக்கு. ஆனால் மகளின் நினைப்பு அவள் வாயை அடைத்துவிட்டது.

"நீயும் புதருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ ஆத்தா. வீட்டுக்காரி நின்னா வந்தவங்க கூச்சப்படுவாங்க" என்றது மயில். அதற்கும் தலையாட்டினாள்.

எறும்புத்தின்னிகள் வந்தார்கள். அவர்களுக்குக் கண் மங்கல், மூக்குதான் எல்லாம். மணலையும் இறகையும் அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஏங்க, ஆத்தா வாசமே இல்லையே?" என்றாள் மனைவி.

"எலும்பு வாசம்கூட இல்ல. இத்தனை வருஷம் குடியிருந்தவ எங்கே போனா?" என்ற கணவன், மூக்கை இன்னும் நீட்டினான். "இரு... தாழம்பூ!"

இருவரும் வாசலிலிருந்து பின்வாங்கினார்கள்.

"பாம்பு வந்திருக்கு! ஆத்தாளை முழுங்கிட்டு உள்ளேதான் சுருண்டு கிடக்கு!"

அடுத்த கணம் இருவரும் பந்தாகச் சுருண்டு, சரிவில் உருண்டு, ஆற்றங்கரையில் போய் விழுந்தார்கள்.

"நில்லுங்க! நான் உசிரோட இருக்கேன்!" என்று வேலாயி பின்னால் ஓடினாள். பதற்றத்தில் அவள் முட்கள் சிலிர்த்துச் சரசரத்தன. பாம்புதான் துரத்துகிறது என்று எண்ணியவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாறைகளில் தொற்றி அக்கரை சேர்ந்துவிட்டார்கள்.

அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரைபுரண்டது.

மறுநாள் பொழுது சாய்ந்தது. அக்கரையில் சத்தம் இல்லை. வேலாயி வால் வலிக்க வலிக்கக் குலுக்கினாள். வெள்ளத்தின் இரைச்சல் அத்தனையையும் விழுங்கியது. எறும்புத்தின்னிகள் மகளிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. 'நான் செத்துட்டேன்னு அழுதுட்டிருப்பாளே! இந்த நேரத்துல அழலாமா?'

அவள் வீட்டுக்கு ஓடித் தாழம்பூவைப் பிய்த்து எறிந்தாள். புதரில் கிடந்த எலும்புகளையும் முட்களையும் நனைந்த சருகுகளையும் இழுத்துவந்து கரையில் குவித்தாள். அதன் மேலேயே படுத்துக்கொண்டாள்.

"சீச்சீ! நான் சொன்ன அழகையெல்லாம் கெடுத்துட்டியே ஆத்தா!" என்றது மயில்.

"அழகு உன்னோட இருக்கட்டும் தம்பி. என் மகளுக்கு என் வாசம் போதும்."

பல நாள் அங்கேயே கிடந்தாள். மழை விட்ட ஒரு மாலையில் காற்று அக்கரைப் பக்கம் திரும்பியது. ஆற்றின் இரைச்சலும் சற்றுத் தணிந்திருந்தது. வேலாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள்.

கலகல.

எழுந்து நின்று, அழுதுகொண்டே பதிலுக்குக் குலுக்கினாள். அக்கரையிலிருந்து மறுபடியும் கலகல என்று வந்தது. அதன் பின்னாலேயே, குலுக்கத் தெரியாமல் குலுக்குவதுபோல, பொடிசாக இன்னொரு சத்தமும் வந்தது.

நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அது வடியும் நாளுக்காக வேலாயி கரையிலேயே காத்திருந்தாள்.

நீதி: பிறர் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டுமென்று நம் அடையாளத்தை அழித்துவிட்டால், நம்மைத் தேடுபவர்களுக்கு நாம் இல்லாமலே போய்விடுவோம்.